ஒரு சாண் வளராத கள்ளிகள்: செவிலிமேட்டுக்கு ஒரு கத்திரிப் பயணம்

சென்ற பதிவின் கீழே ஒரு வாசகி கேட்டிருந்தார். மொட்டைமாடியில் கள்ளி விதை போட்டாராம். நன்றாக முளைத்ததாம். சித்திரை வெயிலில் அத்தனையும் வெந்துபோயிற்றாம். "கண்ணாடிக் கூரை எதுவும் இல்லாமல், நம் ஊர் வெயிலில், வெளியிலேயே கள்ளி நாற்று வளர்க்க முடியுமா? காஞ்சிபுரம் பக்கம் யாரோ வளர்த்ததாக ஒருமுறை எழுதினீர்களே, அங்கே போனால் பார்க்கலாமா?" என்று இரண்டு கேள்வி. முதல் கேள்விக்கு, முடியும். இரண்டாவதற்கு, காஞ்சிபுரம் தாராளமாகப் போகலாம், ஆனால் அந்தக் கள்ளிகள் இன்று அங்கே இல்லை. எப்படி வளர்ப்பது என்பதை நான் தெரிந்துகொண்டது எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கத்திரி வெயில் நாளில். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பேய்க்கதை என்று நினைத்துவிடாதீர்கள். பேயெல்லாம் கிடையாது. ஆனாலும் அந்த மத்தியானத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் கை மயிர் குத்திட்டு நிற்கிறது.

அப்போது நாங்கள் திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் மொட்டைமாடியில், கள்ளிச் செடிகளோடு. என் கணவர் என்னை 'முள்ளுக்காரி' என்றுதான் கூப்பிடுவார். என்னிடம் ஆளுயரத் தூண்கள்ளி இரண்டு இருந்தன. பட்டையான சப்பாத்திக்கள்ளி இல்லை, நேராகத் தூண் மாதிரி போகிற ஜாதி. பூத்துப் பழம் விட்டால் ஒரு பழத்தில் கைப்பிடி விதை கிடைக்கும். விதைப்பேன், முளைக்கும், கோடை வரும், முக்கால்வாசி போய்ச் சேரும். மிஞ்சுகிறதைத் தேடி வருகிறவர்களுக்கு விற்பேன்.

அப்படித் தேடி வந்தவர்களில் ஒருவர் மாசிலாமணி. காஞ்சிபுரத்துக்காரர். முப்பது வயது இருக்கும். ஒல்லி, அதிகம் பேசமாட்டார். விரல் நுனிகள் மட்டும் எப்போதும் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல், தீரப்போகும்போது அதை அறுத்து எறிந்துவிட மாட்டார்களாம். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக, சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்பார்களாம். ஆயிரக்கணக்கான இழை. அதுதான் அவர் வேலை. முதலாளியின் புடவைகளைக் கடைக்குக் கொண்டுவந்து கொடுக்க மதராஸ் வருகிறபோதெல்லாம் எங்கள் மாடியேறி வந்து நாற்று வாங்கிப் போவார். பெருவிரல் உயரம்தான் இருக்க வேண்டும், அதற்கு மேல் தொடமாட்டார். ஒருமுறை நான் தாராள மனசோடு பெரிய கன்று ஒன்றை அதே விலைக்கு நீட்டினேன். அவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

"பெருசு வாணாம்மா. சின்னதா குடுங்க."

"வெயில் தாங்குமா இது? அங்க எங்க வெச்சு வளர்க்கறீங்க?"

"வெளியதாம்மா. வாசல்ல. ஒண்ணுகூட சாவல."

ஒன்றுகூடச் சாகவில்லை! எனக்குச் சுரீர் என்றது. புத்தகம் படித்து, மண் சலித்து, வேளைக்கு வேளை பார்த்துப் பார்த்துச் செய்கிற என்னிடம் முக்கால்வாசி சாகிறது. இந்த மனுஷன் காஞ்சிபுரத்து வெயிலில் வெட்டவெளியில் வைத்து ஒன்றையும் சாகவிடவில்லை என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? நேரில் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். வழி கேட்டபோது அவர் முகம் விழுந்துவிட்டது. "வாங்கம்மா. ஆனா உங்ககிட்ட நான் செடி வாங்கறேன்னு எங்க அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். காசு விஷயத்தில் வீட்டில் சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவருக்கு வரதராஜப் பெருமாளும் கோயில் இட்லியும். எனக்குக் கள்ளி. இப்படி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பாரிமுனையிலிருந்து காலை ஆறு மணி பஸ். தூரம் எழுபத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல் டிக்கெட். பூந்தமல்லி தாண்டும்வரை காற்று இதமாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் ஜன்னல் கம்பி சுட ஆரம்பித்தது. எட்டரைக்குக் காஞ்சிபுரத்தில் இறங்கினோம். சின்ன காஞ்சிபுரம் போய் அவர் தரிசனத்தை முடித்து, மிளகும் சுக்கும் தூக்கலான அந்த இட்லியைப் பாதி பாதி தின்றோம். கோயிலை விட்டு வெளியே வரும்போது பத்தரை. கல் தரையில் வெறுங்காலோடு ஓடிய ஓட்டத்தில் அவருக்குப் பக்தி கொஞ்சம் குறைந்திருந்தது.

செவிலிமேடு ஊரின் தெற்கு ஓரம், பாலாற்றுப் பக்கம். ஜட்கா வண்டிக்காரர் ஒரு ரூபாய் கேட்டார், முக்கால் ரூபாய்க்குப் படிந்தார். வயதான பாய். வழியெல்லாம் கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தவர், ஆற்றங்கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

"இங்கியே இறங்கிக்கோங்கமா. பொழுது ஏறிப்போச்சு. இதுக்கு மேல குதிர போவாது."

"குதிரையா, நீங்களா?" என்றார் என் கணவர்.

"ரெண்டு பேருந்தான் சாமி. மத்தியானத்துல அந்தக் கரையில ஆளுங்க வரிசையா நின்னுக்கினு இருக்காங்க. நானே பாத்தேன். குரல் குடுத்தா திரும்பிப் பாக்க மாட்டேங்கறாங்க. வெயிலு இன்னா அடிச்சாலும் நகர மாட்டேங்கறாங்க. நீங்க போன ஜோலிய முடிச்சிக்கினு ஜல்தியா திரும்பிடுங்க."

வெயிலில் ஓடி ஓடிக் கிழவருக்கு மண்டை காய்ந்துவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. முக்கால் ரூபாயை வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பிப் போய்விட்டார்.

மாசிலாமணியின் வீடு தெருக்கோடியில் இருந்தது. அவர் தறியில் இருந்தார். எங்களை உள்ளே அழைத்தது அவருடைய அண்ணி தேவகி. என்னைவிட ஓரிரண்டு வயது சின்னவள். நெற்றியில் பெரிய குங்குமம். நான் மதராஸிலிருந்து கள்ளி பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னதும் அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. தண்ணீர்கூடக் கொடுக்காமல் கையைப் பிடித்துப் பக்கவாட்டு முற்றத்துக்கு இழுத்துப் போனாள்.

முதலில் என் கண்ணில் பட்டது பந்தல். மூங்கில் சட்டத்தில், தறியில் மிஞ்சிய கழிவு நூலை அரை விரல் இடைவெளி விட்டு வரிவரியாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெயில் அதன் வழியாகக் கோடு கோடாக இறங்கியது. எந்தச் செடியின் மேலும் ஒரே இடத்தில் வெயில் நிற்காமல் பொழுதோடு நகர்ந்துகொண்டே இருந்தது. எனக்குக் கைதட்டலாம் போல் இருந்தது. இன்று நிழல்வலை என்று கடையில் விற்கிறார்களே, அதையே அவர்கள் வீட்டுக் கழிவில் செய்திருந்தார்கள்.

அதன் கீழே வாயகன்ற மண்சட்டிகளில் கள்ளி நாற்றுகள். எல்லாம் பச்சைப் பசேல் என்று, ஒரு புள்ளி கிடையாது, ஒரு அழுகல் கிடையாது. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எல்லாமே பெருவிரல் உயரம், அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். நாற்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே நாளில் விதைத்தாலும் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், நாலு செத்து இடம் காலியாகும். இங்கே எதுவும் முந்தவில்லை, ஒரு இடமும் காலியில்லை. மாசிலாமணி மூன்று நான்கு வருஷமாக என்னிடம் வாங்கிப் போனதை எல்லாம் கூட்டினால் இந்த முற்றம் நிரம்பி வழிந்திருக்க வேண்டும்.

"எப்ப விதைச்சது இது?" என்றேன்.

"ஆறு வருசம் ஆவுதுக்கா" என்றாள் தேவகி.

ஆறு வருஷம்! அந்த ஜாதி ஆறு வருஷத்தில் என் தலையைத் தாண்டியிருக்க வேண்டும். நான் வாயைத் திறக்குமுன் அவள் குந்தி உட்கார்ந்து ஒரு செடியின் அடியில் சுண்டுவிரலை ஊன்றி, கையை விரித்து, பெருவிரலை மேலே தூக்கிச் சாண் போட்டாள். செடி அவள் உள்ளங்கையைக்கூட எட்டவில்லை. அடுத்த செடிக்குப் போனாள். அதற்கும் சாண் போட்டாள். ஒவ்வொன்றாக, ஒன்றையும் விடாமல். முள் குத்துவதைப் பற்றிக் கவலையே இல்லை.

"இன்னும் நாலு வெரலு பாக்கி இருக்குதுக்கா" என்றாள், சிரித்துக்கொண்டே. "எப்பவும் நாலு வெரலுதான் பாக்கி."

நான் அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

அப்புறம் அவளே சொன்னாள். கணவர் ஏகாம்பரம், மாசிலாமணிக்கு அண்ணன், ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் ரோடு போடும் இடத்தில் கல் லாரி ஓட்டினாராம். கடைசியாக லீவில் வந்தபோது அங்கிருந்து கள்ளி விதையைத் தீப்பெட்டியில் கொண்டுவந்து, இதே முற்றத்தில் விதைத்துவிட்டு, "இது ஒரு சாண் வளர்றதுக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிப் போனாராம். அதற்கப்புறம் தகவலே இல்லை. வேலை கொடுத்தவர்களைக் கேட்டால் ஒருநாள் லாரியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனவர் திரும்பவில்லை என்கிறார்களாம். முசரவாக்கத்திலிருந்து அவள் அண்ணன் வந்து, வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன், தையல் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் வேலை இருக்கிறது என்று கூப்பிட்டாராம். இவள் சாமி விளக்கின் முன்னால் நின்று, செடி ஒரு சாண் ஆகட்டும், அதுவரை இந்த வீட்டை விட்டு வர மாட்டேன், அதற்குள் அவர் வராவிட்டால் அவர் இல்லை என்று வைத்துக்கொண்டு உங்களோடு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாளாம். ஆறு வருஷமாகச் செடி ஒரு சாண் ஆகவில்லை.

சாப்பாடு கொடுத்தாள். சாதமும் முருங்கைக்காய்க் குழம்பும். மாசிலாமணி எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. சாப்பிட்டதும் என் கணவர் பாயில் சாய்ந்தார், உடனே குறட்டை. காலையிலிருந்து தெருவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தறிச் சத்தம் உச்சிப் பொழுதில் ஒவ்வொன்றாக நின்றது. நான் பை ஒன்றை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினேன். பாலாற்று மணல் கள்ளிக்கு அவ்வளவு நல்லது, இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு பை எடுக்காமல் போக எனக்கு மனசு வரவில்லை. ஜட்கா பாய் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்ததால்தான் கொஞ்சம் வீறாப்பாகவே போனேன் என்றும் சொல்லலாம்.

வீட்டிலிருந்து கரை கால் மைல் இருக்கும். பனைமரங்களைத் தாண்டியதும் ஆறு தெரிந்தது. ஆறு என்றால் தண்ணீர் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணல். மேலே கானல் ஆடிக்கொண்டிருந்தது. காக்கா கத்தவில்லை. காற்று இல்லை. என் நிழல் என் காலடியில் சுருண்டு கிடந்தது. கரையோரம் பார்த்தேன். ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

வரிசையாக, கைக்கெட்டும் இடைவெளி விட்டு, ஆற்றைப் பார்த்தபடி. பெரியவர்கள் முன்னால், சின்னவர்கள் கடைசியில். கானலில் அவர்கள் லேசாக அசைவது போல் இருந்தது. மணல் அள்ளுகிற ஆட்களாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "ஏங்க, இங்க ஒரு பை மணல் எடுத்துக்கலாமா?" என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. என் குரல் அந்த வெட்டவெளியில் அசிங்கமாகக் கேட்டது. திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. பயந்துவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் ஓடினால் பின்னால் வருவார்களோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். அதனால் முன்னால் நடந்தேன்.

கள்ளிகள். எல்லாம் தூண்கள்ளிகள். முன்னால் நின்றது ஓர் ஆண்பிள்ளையின் உயரம், கடைசியில் இருந்தவை முழங்கால் உயரம். கள்ளி என்று தெரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை, கூடியது. ஏனென்றால் அந்த விளிம்பும் அந்த முள்ளும் எனக்குத் தெரியும். சின்னவற்றில் பலவும் என் மாடியில் முளைத்தவை. ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் சிவப்புப் பட்டு நூல் ஒன்று சுற்றிக் கட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். சின்னதில் நூல் தளர்வாக இருந்தது, பெரியதில் சதைக்குள் அழுந்திக் கிடந்தது. எல்லாவற்றிலும் தரையிலிருந்து ஒரே உயரம். கையை ஊன்றிப் பார்த்தேன். ஒரு சாணுக்கு ஒரு விரல் குறைவு.

கள்ளி நுனியில்தான் வளரும். அடியில் கட்டிய நூல் கட்டிய இடத்திலேயே இருக்கும். அதாவது ஒரு சாணைத் தொடப் போகிற சமயத்தில் ஒவ்வொன்றையும் முற்றத்திலிருந்து யாரோ பிடுங்கி, நுனியில் நூல் கட்டி, இங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். யார் என்று எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். மாசிலாமணி. அண்ணி தேடச் சொன்னாளாம். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஏங்க இப்படிச் செஞ்சீங்க?"

அவர் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பாவு தீர்றதுக்குள்ள புதுசு சேத்துட்டா தறி நிக்காதும்மா. அதான் செஞ்சேன். மொதல்ல அண்ணன் குடுத்த வெதையே மிச்சம் இருந்துச்சு, அதப் போட்டுப் போட்டு மாத்துனேன். அது தீந்ததும் உங்ககிட்ட வந்தேன். அண்ணி காலைல கொழாயாண்ட போறப்ப மாத்திடுவேன். அதுக்குத் தெரியாது. தெரிஞ்சா உசுர விட்டுடும்."

"பெரிசைத் தூக்கிப் போட்டிருக்கலாமே."

"உசுரோட இருக்கறத எப்பிடிம்மா வீசறது? அண்ணன் வந்தா கணக்கு காட்டணும் இல்ல."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு பெண்ணை ஆறு வருஷம் நாலு விரல் இடைவெளியில் நிறுத்தி வைத்திருக்கிறார், அது அவருக்கு ஒட்டுப்போடுகிற வேலையாக மட்டும் தெரிகிறது. பேச்சை மாற்றினேன். "இந்த வெயில்ல நிழலே இல்லாம எப்படி இப்படி வளருது? தண்ணி ஊத்தறீங்களா?"

"நான் ஊத்தறதே இல்லம்மா. தானா வளருது."

நான் மறுபடி குனிந்தேன். ஒவ்வொரு செடியின் காலடியிலும் மேல் மணலை விலக்கினால் உள்ளே ஈரம். இவ்வளவு வெயிலிலும் ஈரம். அவர் அதைப் பார்க்கவில்லை. நான் மணலை மூடிவிட்டு எழுந்துகொண்டேன். மணல் எடுக்க வந்த பை காலியாகவே இருந்தது. அங்கிருந்து ஒரு பிடி மண்ணை எடுக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

நாலு மணிக்குக் கிளம்பினோம். என் கணவரும் மாசிலாமணியும் வண்டி பிடிக்கப் போயிருந்தார்கள். தேவகி எனக்குத் தலையில் கனகாம்பரம் வைத்துவிட்டுக்கொண்டே, பின்னால் நின்றபடி கேட்டாள். "ஆத்தங்கரைக்குப் போயிட்டு வந்தீங்களாக்கா? பாத்தீங்களா எல்லாத்தையும்?"

எனக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பூ வைக்கிற கை தலையில் இருந்தது.

"நல்லா வளந்திருக்குது இல்ல? மொத செடி என் உசரத்த தாண்டிடுச்சு. போன வருசம் பூத்துச்சு. விடியக்காலம் நான்தான் போயி தண்ணி ஊத்திட்டு வரேன். அப்பால கொழாய்க்குப் போறேன்."

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"மொத தடவ மாத்துன அன்னிக்கே தெரியும். செடிய தெனமும் தொடறவளுக்குத் தெரியாதாக்கா? ஆரம்பத்துல எனக்கும் அது தேவையா இருந்துச்சு. நல்லதாப் போச்சுன்னு நானும் சும்மா இருந்துட்டேன். இப்ப முடியல. எங்க அண்ணன் கூப்பிட்டுக்கினே இருக்காரு. எனக்கு முசரவாக்கம் போவணும். தையல் கத்துக் குடுக்கணும். எனக்கும் ஒரு பொழுது விடியணும் இல்ல?"

"கொழுந்தன்கிட்ட நீயே சொல்லிடேன்."

"நான் சொன்னா, அவரு அண்ணன நானே கொன்னாப்புல ஆயிடும். அந்த மனுசன் தாங்காது." பூ வைத்து முடித்து முன்னால் வந்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "நீங்கதான் செடி குடுக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். கூடையில உங்க ஊரு பேப்பரு சுத்தி வருது. அடுத்த தடவ அவரு வந்தா குடுக்காதீங்கக்கா. இல்லன்னு சொல்லிடுங்க. அது போதும்."

திரும்பி வரும் பஸ்ஸில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

இனி அந்த வாசகிக்கான குறிப்புகள். விதைப்பதற்கு மழை ஓய்ந்த பிறகு, தை மாதம் நல்லது. கோடை வருமுன் நாற்று கொஞ்சம் திடம் பெற்றுவிடும். ஆழமான தொட்டி வேண்டாம், வாயகன்ற மண்சட்டி போதும். ஆற்று மணல் இரண்டு பங்கு, பொடித்த செங்கல் ஒரு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு. முழு நிழலில் வைத்தால் வெளிறி நீண்டு அழுகிவிடும், முழு வெயிலில் வைத்தால் வெந்துவிடும். நூலோ வலையோ, வெயில் நகர்ந்துகொண்டே இருக்கிற மாதிரி பந்தல் போடுங்கள். தண்ணீர் சாயங்காலம் அல்லது விடியற்காலையில் மட்டும். நடுப்பகலில் ஊற்றினால் நீங்களே அதை வேகவைக்கிறீர்கள். செடி லேசாகச் சிவந்தால் பதற வேண்டாம், அது வெயிலுக்குப் பழகுகிறது. ஒரு சாண் நெருங்கியதும் பந்தலைச் சிறிது சிறிதாக விலக்கித் தரையில் நட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு எந்த வெயிலும் ஒன்றும் செய்யாது, இதை அந்த ஆற்றங்கரையில் என் கண்ணால் பார்த்தேன்.

பயணம் போகிறவர்களுக்கு: மே மாதம் வேண்டாம், வேறு வழியில்லை என்றால் காலுறை எடுத்துப் போங்கள், கோயில்களை மத்தியானம் சாத்திவிடுவார்கள். செவிலிமேட்டுக்கு இப்போது டவுன் பஸ் இருக்கிறது, புது வீடுகள் வந்துவிட்டன. இரண்டு வருஷம் கழித்து நான் மறுபடி போனபோது முற்றத்துச் சட்டிகளில் கள்ளிகள் முழங்கால் உயரம் நின்றன, பந்தலைப் பிரித்திருந்தார்கள். தேவகி முசரவாக்கத்தில் இருந்தாள். எனக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். கை கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது, ஆனாலும் அதைக் கிழியும்வரை போட்டுக்கொண்டேன். ஆற்றங்கரையில் இருந்தவை பிற்பாடு ஒருமுறை போனபோது இல்லை. வெள்ளம் கொண்டுபோனதா, யாராவது வெட்டினார்களா தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. முதல் பயணம் முடிந்து சில மாதம் கழித்து மாசிலாமணி கூடையோடு மாடியேறி வந்தார். அந்தக் கோடையில் நான் நூல் பந்தல் போட்டிருந்தேன், ஒன்றிரண்டுதான் செத்தது. எனக்குப் பின்னால் தட்டுத் தட்டாகப் பெருவிரல் உயர நாற்றுகள். நான் வாசலை மறித்துக்கொண்டு, "இல்லீங்க. இந்தத் தடவை நாத்து இல்ல" என்றேன்.

அவர் என் தோளுக்கு மேலாக அந்தத் தட்டுகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணி சொல்லுச்சா?"

அவர் மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். சாம்பல் விரல்களால் முகத்தை மூடிக்கொண்டார். முகத்திலெல்லாம் சாம்பல் கோடு.

"அண்ணிக்கோசரம்தான் செய்யறேன்னு இத்தன நாளா நெனச்சிக்கினு இருந்தேம்மா" என்றார். அப்புறம் தலையைத் தூக்கி, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறவர் மாதிரி கேட்டார். "அப்போ எங்க அண்ணன் வரமாட்டானாம்மா?"

வருவார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. தேவகி முகம் நினைவுக்கு வந்தது.

"எனக்குத் தெரியலீங்க" என்றேன்.

அவர் சத்தமில்லாமல் அழுதார். நான் பக்கத்திலேயே நின்றேன். பிறகு வேட்டி நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் வருவான் வருவான்னுதாம்மா சொன்னாங்க" என்றார். காலிக் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.